மார்பகப் புற்றுநோய்: நோயின் போக்கை ரிப்போர்ட்டிலிருந்து கணிப்பது எப்படி

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்ட ஊர்களில் பயாப்சி (திசுச் சோதனை) ரிப்போர்ட்டை வாசிப்பவர் பெரும்பாலும் நோயாளி அல்ல. ரிப்போர்ட் ஆங்கிலத்தில் வரும். அம்மாவோ பால்மரத்திலும் செம்பனைக் காட்டிலும் உழைத்து, தமிழ்ப்பள்ளி ஆறாம் வகுப்போடு நின்றவராக இருப்பார். ஆகவே மகளோ மருமகளோ ராத்திரி கைப்பேசியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகத் தேடுகிறார்கள்; பாதி புரிந்து, மீதிக்குப் பயந்து, விடியும்வரை தூங்காமல் கிடக்கிறார்கள். இந்த வழிகாட்டி அவர்களுக்காக எழுதப்பட்டது.

நோய் எப்படிப் போகும் என்பதைச் சொல்லக் கூடியவை மூன்று: உடம்பிலிருந்து எடுத்த திசு, ஸ்கேன், ரத்தத்தில் அளக்கும் குறிகள். இந்த மூன்றுக்கும் ஒரே எடை கிடையாது. திசு சொல்வதுதான் அடிப்படை. ஸ்கேன் அதற்கு அடுத்தது, அதுவும் தேவைப்பட்டவர்களுக்கு மட்டும். ரத்தக் குறி கடைசி. வீடுகளில் நடப்பது தலைகீழாக இருக்கிறது. ரத்தம் கொடுப்பது எளிது, மறுநாளே எண் வந்துவிடும்; அதனால் ‘சிஏ 15-3 எவ்வளவு?’ என்பதே எல்லாரும் கேட்கும் கேள்வியாகிவிட்டது. திசு ரிப்போர்ட் மருத்துவமனைக் கோப்பிலேயே கிடக்கிறது.

முதல் வேலை, அந்த ரிப்போர்ட்டின் நகலை வாங்குவது

நிபுணர் கிளினிக்கில் டாக்டரைப் பார்க்கும்போதே பயாப்சி ரிப்போர்ட்டுக்கு ஒரு நகல் கேளுங்கள். அறுவை சிகிச்சை முடிந்திருந்தால் அதன் திசு ரிப்போர்ட்டையும் கேளுங்கள். இவை இரண்டும் வெவ்வேறு. பயாப்சி, கட்டியின் இயல்பைச் சொல்லும். அறுவை ரிப்போர்ட், கட்டியின் உண்மையான அளவையும் அக்குள் நெறிகளில் (நிணநீர்க் கணுக்களில்) எத்தனைக்கு நோய் பரவியிருக்கிறது என்பதையும் சொல்லும். கைக்குத் தட்டுப்பட்ட அளவும் அல்ட்ராசவுண்டில் தெரிந்த அளவும் கணக்குக்கு உதவாது. நுண்ணோக்கியின் கீழ் அளந்த அளவே கணக்கு. ஒரே மார்பில் இரண்டு மூன்று கட்டிகள் இருந்தால் அவற்றைக் கூட்டக் கூடாது, பெரியதை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மளிகைக் கடையில் கடன் எழுதும் 555 புத்தகம் ஒன்று வாங்கி, முதல் பக்கத்தில் இவற்றை எழுதிக்கொள்ளுங்கள்: புற்றின் வகை, கட்டி அளவு செண்டிமீட்டரில், கிரேட், பார்த்த நெறிகள் எத்தனை, அவற்றில் நோய் இருந்தவை எத்தனை, ஈஆர், பிஆர், ஹெர்-2, கேஐ-67. பயாப்சி எடுத்த தேதியும் வேண்டும். ஈப்போவில் ஒரு டாக்டர், கீமோவுக்கு வேறொரு டாக்டர், இரண்டாம் கருத்துக்கு இன்னொருவர் என்று போகிறவர்களுக்கு அந்த ஒரு பக்கமே பாதி வேலையை முடித்துவிடும்.

இனி ஒவ்வொன்றாக.

ஈஆர், பிஆர்

ஈஆர் என்பது ஈஸ்ட்ரோஜன் ஏற்பி. பிஆர், புரோஜெஸ்ட்டிரோன் ஏற்பி. புற்றணுவின் கருவில் இவை இருந்தால், பெண் ஹார்மோனை உண்டு வளரும் கட்டி அது என்று பொருள். ஹார்மோனைத் தடுக்கும் தமோக்சிஃபென், லெட்ரோசோல் போன்ற மாத்திரைகள் அதற்கு வேலை செய்யும்.

நூறு புற்றணுக்களில் எத்தனை சாயம் ஏற்றன என்பதையே விழுக்காடாக எழுதுகிறார்கள். 1 விழுக்காடும் அதற்கு மேலும் ‘பாசிட்டிவ்’. ஆனால் 1 முதல் 10 வரை இருப்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும். தாளில் பாசிட்டிவ் என்றிருந்தாலும் இந்த வகைக் கட்டிகளில் பல, ஈஆர் இல்லாத கட்டியைப் போலவே நடந்துகொள்கின்றன. 5 விழுக்காடு வந்தவருக்கும் 95 விழுக்காடு வந்தவருக்கும் ஒரே எதிர்பார்ப்பு வைக்கக் கூடாது. சில ஆய்வகங்கள் விழுக்காட்டுக்குப் பதிலாக எட்டுக்கு எத்தனை என்று ஆல்ரெட் மதிப்பெண் போடும். அதில் 3 முதல் பாசிட்டிவ்.

ஹெர்-2

அணுவின் மேல்சுவரில் இருக்கும் புரதம் இது. முடிவு 0, 1+, 2+, 3+ என்று வரும். 3+ என்றால் பாசிட்டிவ். 0, 1+ இரண்டும் நெகட்டிவ். 2+ என்பது இன்னும் முடிவு தெரியாத நிலை. இந்த இடத்தில்தான் பல குடும்பங்கள் ஏமாந்து போகின்றன: 2+ என்று பார்த்துவிட்டு ‘கொஞ்சம் பாசிட்டிவ்’ என்று நினைத்துக்கொள்கிறார்கள். அதே திசுவில் ஃபிஷ் என்ற மரபணுச் சோதனை செய்தால்தான் விடை கிடைக்கும். அந்த ரிப்போர்ட்டில் விகிதம் 2.0 அல்லது மேல், ஓர் அணுவுக்குச் சராசரிப் பிரதி எண்ணிக்கை 4.0 அல்லது மேல் என்று இரண்டும் சேர்ந்து இருந்தால் பாசிட்டிவ். புத்தகத்தில் 2+ என்று எழுதியிருக்கிறீர்களா? பக்கத்திலேயே ‘ஃபிஷ் வந்துவிட்டதா?’ என்று எழுதி, விடை வரும்வரை ஒவ்வொரு முறையும் கேளுங்கள். இந்த விடையைப் பொறுத்துத்தான் ஹெர்-2வைத் தடுக்கும் மருந்தான டிராஸ்டுசுமாப் தொடங்குவதா இல்லையா என்பது முடிவாகும்.

1+, அல்லது ஃபிஷ் நெகட்டிவான 2+, இப்போது ‘ஹெர்-2 குறைவு’ என்று தனிப் பெயர் பெற்றிருக்கிறது. நோய் மற்ற உறுப்புகளுக்குப் பரவிய நிலையில் டிராஸ்டுசுமாப் டெருக்ஸ்டெகான் என்ற மருந்து இவர்களுக்கும் உதவுகிறது என்று 2022இல் தெரியவந்தது. ஆகவே ‘நெகட்டிவ்’ என்ற ஒற்றைச் சொல்லோடு நின்றுவிடாமல் 0வா 1+ஆ என்பதையும் குறித்து வையுங்கள்.

கிரேட், கேஐ-67

ஸ்டேஜும் கிரேடும் வேறு வேறு. நோய் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது ஸ்டேஜ். அணுக்கள் எவ்வளவு முரடாகிவிட்டன என்பது கிரேட். மூன்று அம்சங்களுக்குத் தலா 1 முதல் 3 மதிப்பெண் போட்டுக் கூட்டுவார்கள். 3–5 வந்தால் கிரேட் 1, 6–7 கிரேட் 2, 8–9 கிரேட் 3. ‘கிரேட் 3’ என்பதைக் கேட்டு ‘மூணாம் கட்டம்’ என்று அழுதவர்கள் உண்டு. மூன்றாம் கிரேட் கட்டி முதல் ஸ்டேஜிலும் இருக்கலாம்.

கேஐ-67, எத்தனை விழுக்காடு அணுக்கள் பிரிந்து பெருகிக்கொண்டிருக்கின்றன என்பதைக் காட்டும். 5 அல்லது அதற்குக் கீழ் என்றால் மெதுவான கட்டி. 30 அல்லது மேல் என்றால் வேகமான கட்டி. இடைப்பட்ட எண்களை வைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரே கண்ணாடித் துண்டை இரண்டு நிபுணர்கள் எண்ணினால் ஒருவருக்கு 14, மற்றவருக்கு 22 என்று வருவது சாதாரணம்.

திசு கெட்டால் முடிவும் கெடும்

எந்தக் கருவியும் தன்னிடம் வந்த பொருளைத்தான் சோதிக்கும். திசு கெட்டுப்போகும் வழிகள் சில உண்டு, அவற்றில் பலவற்றைத் தடுக்க முடியும்.

எடுத்த திசு ஒரு மணி நேரத்துக்குள் 10 விழுக்காடு நடுநிலை ஃபார்மலின் கரைசலில் இறங்க வேண்டும். அதில் குறைந்தது 6 மணி நேரம், கூடிப்போனால் 72 மணி நேரம் ஊறலாம். நேரம் குறைந்தால் அணு சரியாகப் பதப்படாது; உண்மையில் இருக்கும் ஈஆர் ‘இல்லை’ என்று வரும். கூடினாலும் சாயம் மங்கும். தீபாவளி, ஹரிராயா, சீனப் புத்தாண்டு ஆகிய நீண்ட விடுமுறைகளுக்கு முந்தின நாள் எடுத்த திசு, ஆய்வகம் திறக்கும்வரை புட்டியிலேயே ஊறிக்கொண்டிருக்கும் ஆபத்து இருக்கிறது. அவசரம் இல்லையென்றால் பயாப்சியை விடுமுறைக்குப் பிறகு வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்பதில் தவறே இல்லை.

இன்னொன்று: சிறு கிளினிக்கில் ‘கொழுப்புக் கட்டிதான்’ என்று கட்டியை அப்படியே கீறி எடுத்துவிடுவது. பிறகு அது புற்று என்று தெரிந்தால், சுற்றிலும் எவ்வளவு இருந்தது, கீமோவுக்கு எப்படி இறங்கியது என்று எதையும் பார்க்க வழியிருக்காது. சந்தேகமான கட்டிக்கு முதலில் தடித்த ஊசிப் பயாப்சி. அறுவைக்கு முன்பே கீமோ கொடுப்பதாக முடிவானால், கட்டி இருக்கும் இடத்தில் மிகச் சிறிய உலோக அடையாளம் ஒன்றை வைக்கச் சொல்லிக் கேளுங்கள். கீமோவில் கட்டி முழுதாகக் கரைந்துவிட்டால், அறுவை டாக்டருக்கு இடத்தைக் காட்டப்போவது அதுதான்.

ரிப்போர்ட்டே தனக்குள் முரண்படுகிறதா என்றும் பாருங்கள். கிரேட் 1, ஆனால் ஈஆர் நெகட்டிவ். அல்லது கிரேட் 1, ஹெர்-2 3+. இவை அரிதாகவே சேர்ந்து வரும். இப்படி வந்தால் ‘மறுபடி சாயம் போட்டுப் பார்க்கலாமா?’ என்று கேளுங்கள். திசு மெழுகுக் கட்டியில் பதிந்து ஆய்வகத்தில் பத்திரமாக இருக்கும். திரும்ப ஊசி குத்தாமலே சோதிக்கலாம்.

எண்களைக் கூட்டிப் பார்த்தல்

அறுவை முதலில் நடந்தவர்களுக்கு வீட்டிலேயே போடக் கூடிய கணக்கு ஒன்று இருக்கிறது. நாட்டிங்ஹாம் குறியீடு என்பார்கள், 1982இல் வந்தது. கட்டி அளவை 0.2ஆல் பெருக்குங்கள். அதோடு கிரேடைக் கூட்டுங்கள். நெறியில் நோய் இல்லையென்றால் 1, ஒன்று முதல் மூன்று நெறி என்றால் 2, நான்கும் மேலும் என்றால் 3 என்று அதையும் கூட்டுங்கள்.

2.5 செண்டிமீட்டர் கட்டி, கிரேட் 2, இரண்டு நெறியில் நோய் என்று வைத்துக்கொள்வோம். 0.5, 2, 2. மொத்தம் 4.5. 3.4 வரை நல்ல நிலை, 3.41 முதல் 5.4 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடினம். ஆக இவர் நடுவில் இருக்கிறார். இந்தக் கணக்கு வந்த காலத்தில் ஹெர்-2 சோதனையும் இல்லை, அதற்கான மருந்தும் இல்லை. ஆகவே இது கட்டியின் முதுகெலும்பை மட்டும் காட்டும். முன்பே கீமோ எடுத்தவர்களுக்கு இதைப் போடக் கூடாது, ஏனென்றால் கீமோ அளவையும் நெறியையும் மாற்றியிருக்கும்.

ஈஆர், ஹெர்-2, கேஐ-67, வயது எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்ளும் கருவி, கேம்பிரிட்ஜில் உருவான ‘பிரெடிக்ட்’. இணையத்தில் இலவசம். மலேசியப் பெண்களிடத்திலும் அதைச் சோதித்திருக்கிறார்கள். மொத்தத்தில் நன்றாகப் பொருந்தியது, 40 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு மட்டும் உண்மையைவிடக் கூடுதல் நம்பிக்கை காட்டியது. அறுவைக்கு முன் கீமோ எடுத்தவர்களுக்கும் நோய் பரவியவர்களுக்கும் அது பொருந்தாது. முடிந்தால் டாக்டரோடு உட்கார்ந்து போட்டுப் பாருங்கள். தனியாகப் போட்டால் ஒரு கட்டத்தில் தவறாகத் தட்டிவிட்டு, தவறான எண்ணோடு ராத்திரியைக் கழிக்க நேரும்.

வரும் விழுக்காடு எதைச் சொல்கிறது என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். ‘பத்து வருஷத்துக்கு 80’ என்றால், இதே நிலையில் இருந்த நூறு பெண்களில் எண்பது பேர் பத்து வருஷம் கழித்தும் உயிரோடு இருந்தார்கள் என்று பொருள். உங்கள் அம்மா அந்த நூற்றில் எங்கே நிற்கிறார் என்பதை எந்த எண்ணும் சொல்லாது. நம் நாட்டுக் கணக்கை எடுத்தால், 2007 முதல் 2011 வரை நோய் கண்ட பெண்களில் ஐந்தாண்டு உயிர் வாழ்ந்த விகிதம் மொத்தத்தில் 66.8 விழுக்காடு, முதல் ஸ்டேஜில் 87.5, நான்காம் ஸ்டேஜில் 23.3. அது பழைய மருந்துகளின் காலம். ஆனாலும் அந்த இரு எண்களுக்கும் நடுவில் உள்ள தூரத்தைப் பார்த்த பிறகு, ‘தைப்பூசம் முடியட்டும், பிறகு போவோம்’ என்று யாரும் கட்டியோடு வீட்டில் இருக்கக் கூடாது.

ஈஆர் பாசிட்டிவ், ஹெர்-2 நெகட்டிவாக வந்து, கீமோ வேண்டுமா வேண்டாமா என்று டாக்டரே யோசிக்கும் நிலையில் 21 மரபணுச் சோதனையான ஆங்கோடைப் உதவும். 0 முதல் 100 வரை மதிப்பெண் வரும். நெறியில் நோய் இல்லாத, 50 வயதைத் தாண்டிய பெண்களுக்கு 25 வரை வந்தால் கீமோவால் கூடுதல் பயன் இல்லை என்று 2018இல் ஒரு பெரிய ஆய்வு காட்டியது. திசுவை வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும், செலவு கைக்காசு, அதுவும் பெரிய தொகை. முடிவை மாற்றப்போவதில்லை என்றால் கடன் வாங்கி எடுக்காதீர்கள். ‘மதிப்பெண் எதுவாக வந்தாலும் கீமோ கொடுப்பீர்களா?’ என்று முதலில் கேளுங்கள். ‘ஆமாம்’ என்றால் சோதனை தேவையில்லை.

காலமும் ஒரு குறி. ஈஆர், பிஆர், ஹெர்-2 மூன்றும் இல்லாத கட்டி திரும்பினால் பெரும்பாலும் முதல் மூன்று வருஷத்தில் திரும்பும். ஐந்து வருஷம் தாண்டினால் ஆபத்து வெகுவாகக் குறையும். ஈஆர் பாசிட்டிவ் கட்டி அப்படி இல்லை, மெதுவாகக் காத்திருக்கும். 62,923 பெண்களின் விவரங்களைச் சேர்த்து 2017இல் வெளியான கணக்கின்படி, ஐந்து வருஷம் மாத்திரை எடுத்து, நோயின்றி இருந்தவர்களிலும், அடுத்த பதினைந்து வருஷத்தில் நோய் வேறு உறுப்பில் திரும்பும் வாய்ப்பு, 2 செண்டிமீட்டருக்கு உட்பட்ட, நெறியில் பரவாத கட்டிக்கு 13 விழுக்காடு. 2 முதல் 5 செண்டிமீட்டர் கட்டியும் நான்கு முதல் ஒன்பது நெறியும் என்றால் 41. ‘அஞ்சு வருஷம் ஆச்சு, மாத்திரையை நிறுத்திடலாம்’ என்று வீட்டில் முடிவெடுக்காதீர்கள். உங்கள் கட்டிக்கு எத்தனை வருஷம் என்பதை டாக்டரிடம் கேளுங்கள்.

ஸ்கேன் யாருக்கு, எப்போது

கட்டி சிறியது, நெறியில் இல்லை, எலும்பு வலியோ மூச்சுத் திணறலோ இல்லை என்றால் பெட்-சிடியும் எலும்பு ஸ்கேனும் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. கட்டி பெரியது, நெறி பல, மூன்றாம் ஸ்டேஜ், அல்லது சந்தேகமான அறிகுறி இருந்தால் உடம்பு முழுதும் பார்க்க வேண்டும். சிடியும் எலும்பு ஸ்கேனும் சேர்ந்து அந்த வேலையைச் செய்யும். பெட்-சிடிக்குப் பினாங்கு மருத்துவமனைக்கோ புத்ராஜெயா தேசியப் புற்றுநோய்க் கழகத்துக்கோ போக வேண்டியிருக்கும்.

பெட் ஸ்கேனில் ஏற்றுவது எஃப்டிஜி. கதிர்வீச்சு சேர்த்த சர்க்கரை. புற்றணு சர்க்கரையை வேகமாக இழுக்கும், அந்த இடம் படத்தில் ஒளிரும். அந்த ஒளியின் அளவே எஸ்யூவி. ஏற்றிய மருந்தில் பாதி 110 நிமிடத்தில் அழிந்துவிடும். அதனால் குறித்த நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். நீங்கள் தாமதித்தால் உங்களுக்கென்று வந்த மருந்து வீணாகும். முந்தின இரவே ஸ்கேன் எடுக்கும் ஊருக்குப் போய்த் தங்குவது நல்லது.

தயாரிப்பில்தான் பல படங்கள் கெடுகின்றன:

முந்தின நாள் புல் வெட்டுவது, குலை சுமப்பது, ஓடுவது எதுவும் வேண்டாம். வேலை செய்த தசை சர்க்கரையை இழுக்கும்.

முந்தின இரவு சோறு, ரொட்டி சானாய், இனிப்பு தவிர்த்து மீன், கோழி, முட்டை, காய்கறி சாப்பிடுங்கள்.

ஸ்கேனுக்கு முன் 6 மணி நேரம் வெறும் தண்ணீர் மட்டும். தே ஓ, மைலோ, சீனி இல்லாத கோப்பி, சூயிங்கம் எதுவும் கூடாது. வெற்றிலையும் கூடாது, மெல்லும் தாடைத் தசை படத்தில் ஒளிரும்.

ரத்தத்தில் சர்க்கரை 11 mmol/Lக்குக் கீழ் இருக்க வேண்டும். மேலே போனால் ஏற்றிய எஃப்டிஜி கட்டிக்குள் போகப் போட்டி போட வேண்டிவரும், கட்டி மங்கித் தெரியும். நீரிழிவு உள்ளவர்கள் அதை ஸ்கேனுக்கு முன்பதிவு செய்யும்போதே சொல்ல வேண்டும். மெட்ஃபோர்மின் குடலை ஒளிரச் செய்வதால் சில இடங்களில் 48 மணி நேரம் நிறுத்தச் சொல்வார்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். இன்சுலின் போட்ட உடனே ஸ்கேன் செய்தால் எஃப்டிஜி பெருமளவு தசைக்குள் போய்விடும்.

ஒரு சுவெட்டர் கொண்டுபோங்கள். குளிரில் கழுத்திலும் தோளிலும் உள்ள பழுப்புக் கொழுப்பு ஒளிர்ந்து, நெறியோ என்று சந்தேகம் கொடுக்கும்.

ஊசி, நோய் உள்ள மார்புக்கு எதிர்ப்பக்கக் கையில் போடச் சொல்லுங்கள். தடுப்பூசி போட்டிருந்தால் எந்தக் கை, எந்தத் தேதி என்று சொல்லுங்கள். அந்தப் பக்க நெறி சில வாரங்கள் ஒளிரும்.

வீட்டில் கைக்குழந்தையோ கர்ப்பிணியோ இருந்தால் அன்று முழுதும் மடியில் வைத்துக்கொள்வதும் பக்கத்தில் படுப்பதும் வேண்டாம்.

பெட் படத்தில் ஒளிரும் எல்லாமே புற்று அல்ல. காசநோய் ஒளிரும், ஆறிவரும் அறுவைக் காயம் ஒளிரும், வெள்ளணு ஏற்றும் ஊசி போட்டவர்களுக்கு எலும்பு மஜ்ஜை முழுதும் ஒளிரும். குடும்பத்தில் யாருக்காவது காசநோய் இருந்திருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். மறுபக்கம், ஒளிராத புற்றும் உண்டு. பால் சுரப்பிகளில் தொடங்கும் லோபுலர் வகையும் மெதுவாக வளரும் கட்டிகளும் மங்கலாகவே தெரியும். ஒரு செண்டிமீட்டருக்குக் குறைந்தவை தப்பிவிடலாம். ‘பெட் கிளியர்’ என்பதால் அக்குள் நெறியைச் சோதிக்காமல் விட முடியாது. நோய் முதல் தடவையாகப் பரவியிருப்பதாகப் படம் சொன்னால், அந்த இடத்திலிருந்து திசு எடுத்து உறுதி செய்வதே முறை.

கீமோ வேலை செய்கிறதா என்று பார்க்க இரண்டு படங்களை ஒப்பிடுவார்கள். முதல் படத்தில் எஸ்யூவி 8.0, அடுத்ததில் 4.6 என்றால், குறைந்தது 3.4, அதாவது 42.5 விழுக்காடு. ஹெர்-2 பாசிட்டிவ் பெண்களிடம் நடந்த ஓர் ஆய்வில், கீமோ இல்லாமல் ஹெர்-2 மருந்து மட்டும் கொடுத்து, இரண்டு சுற்றுக்குப் பிறகு இந்த எண் 40 விழுக்காடாவது குறைந்தவர்களுக்குக் கீமோவைத் தவிர்த்துப் பார்த்தார்கள். 2021இல் வந்த முடிவுகள் நம்பிக்கை தருபவை. ஆனால் ஒப்பீடு செல்லுபடியாக வேண்டுமானால் இரண்டு படமும் ஒரே இயந்திரத்தில், ஊசிக்குப் பிறகு ஒரே அளவு நேரம் காத்திருந்து, சர்க்கரை ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும்போது எடுக்க வேண்டும். முதல் தடவை 60 நிமிடம், அடுத்த தடவை 90 நிமிடம் என்றால் கட்டி மாறாமலே எண் மாறும். கீமோ முடிந்து பத்து நாளுக்குள்ளும், கதிர்வீச்சு முடிந்து இரண்டு மூன்று மாதத்துக்குள்ளும் எடுத்த படம் குழப்பும்.

ஈஸ்ட்ரோஜன் ஏற்பியையே படமெடுக்கும் எஃப்இஎஸ் என்ற மருந்துக்கு 2020இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. உடம்பின் எந்தக் கட்டி இன்னும் ஹார்மோன் மாத்திரைக்குக் கேட்கும் என்பதை ஊசி குத்தாமலே காட்டும். தமோக்சிஃபென் எடுப்பவர்களுக்கு அது ஏற்பியை அடைத்துவிடுவதால், எட்டு வாரம் விட்டுத்தான் எடுக்க முடியும். கல்லீரல் இயல்பாகவே ஒளிர்வதால் அங்குள்ள கட்டியைப் பார்க்க இது உதவாது.

எலும்பு ஸ்கேனில் ஒரு பொறி. சிகிச்சை தொடங்கிய முதல் சில மாதங்களில் ஆறிவரும் எலும்பு முன்னைவிட அதிகமாக ஒளிரும். வலி குறைந்திருக்கிறது, படம் மட்டும் மோசமாகத் தெரிகிறது என்றால் மருந்தை மாற்ற அவசரப்பட வேண்டாம். சிடியோடு ஒப்பிடச் சொல்லுங்கள்.

அறுவைக்கு முன் கீமோ எடுத்தவர்களுக்கு எந்த ஸ்கேனையும்விடப் பெரிய சாட்சி ஒன்று உண்டு: அறுவையில் எடுத்த திசுவில் ஊடுருவிய புற்று மிச்சம் இருக்கிறதா என்பது. மிச்சம் எதுவும் இல்லையென்றால் ரிப்போர்ட்டில் அதை முழுப் பதில் என்பார்கள். ஏறக்குறைய 12,000 பெண்களின் விவரங்களைச் சேர்த்து 2014இல் பார்த்தபோது, மூன்றும் இல்லாத வகையிலும் ஹெர்-2 வகையிலும் முழுப் பதில் கிடைத்தவர்களின் எதிர்காலம் தெளிவாக நன்றாக இருந்தது. மிச்சம் இருந்தால் கதை முடிந்துவிடவில்லை. ஹெர்-2 வகைக்கு டி-டிஎம்1 ஊசியும், மூன்றும் இல்லாத வகைக்குக் கேப்சிட்டபைன் மாத்திரையும் அதற்கென்றே உள்ளன. அந்த அறுவை ரிப்போர்ட் வந்த அன்றே ‘மிச்சம் இருக்கிறதா, இருந்தால் அடுத்த மருந்து என்ன?’ என்று கேளுங்கள்.

சிஏ 15-3, சிஇஏ

இவை இரண்டும் ரத்தத்தில் அளக்கும் புற்றுக் குறிகள். சிஏ 15-3 புற்றைக் கண்டுபிடிக்கும் சோதனை அல்ல. முதல் ஸ்டேஜில் பெரும்பாலோருக்கு இது இயல்பாகவே இருக்கும். பல ஆய்வகங்களில் எல்லை 25க்கும் 30க்கும் நடுவில். கல்லீரல் நோய், மார்பின் சாதாரணக் கட்டிகள், பி12 குறைவால் வரும் ரத்தசோகை ஆகியவற்றிலும் ஏறும். புகைபிடிப்பவர்களுக்குச் சிஇஏ ஏறும். முடி வளர்வதற்கு எடுக்கும் பயோட்டின் மாத்திரை, சில ஆய்வகங்களின் கருவியையே ஏமாற்றும். ரத்தம் கொடுக்கும்முன் அதைச் சொல்லுங்கள்.

சிகிச்சை முடிந்து நலமாக இருப்பவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதை எடுத்துப் பார்ப்பதால் ஆயுள் கூடுவதில்லை. 1994இல் வெளியான இரண்டு இத்தாலிய ஆய்வுகள், அடிக்கடி ஸ்கேனும் சோதனையும் செய்தவர்களையும், டாக்டர் பரிசோதனையும் மெமோகிராமும் மட்டும் செய்தவர்களையும் ஒப்பிட்டன. உயிர் வாழ்ந்த காலத்தில் வித்தியாசம் இல்லை. கூடியது சோதனைகளும் செலவும்தான். அந்தப் பணத்தை வருடாந்திர மெமோகிராமுக்குப் போகும் பயணத்துக்கு வையுங்கள்.

நோய் மற்ற உறுப்புகளுக்குப் பரவியவர்களுக்குத்தான் இதன் பயன். சிகிச்சை தொடங்கும்முன் ஒரு தடவை எடுத்து 555 புத்தகத்தில் எழுதுங்கள். பிறகு எப்போதும் ஒரே ஆய்வகம். இரண்டு ஆய்வகங்களின் எண்களை ஒப்பிட முடியாது. புதிய மருந்தின் முதல் நான்கு முதல் ஆறு வாரத்தில் எண் ஏறினால் கலங்க வேண்டாம்; சாகும் அணுக்களிலிருந்து குறி ரத்தத்தில் கொட்டுவதால் அப்படி ஏறலாம். அதற்குப் பிறகு 62, 58, 65 என்று ஆடினால் அது ஆட்டம் மட்டுமே. 60லிருந்து 80ஆகி, ஒரு மாதத்துக்குள் மறுபடி எடுத்ததிலும் ஏற்றம் உறுதியானால், அதாவது 25 விழுக்காட்டுக்கு மேல் ஏறி நின்றால், ஸ்கேன் கேட்கும் நேரம். எண்ணை மட்டும் பார்த்து மருந்தை மாற்றுவது கிடையாது.

பயணமும் படிவமும்

எஸ்டிஆர் என்ற அரசாங்க ரொக்க உதவி பெறும் 40 வயதுக்கு மேற்பட்டவர்கள், குறைந்த வருமானத்தினருக்கான பெக்கா பி40 சுகாதாரத் திட்டத்தின்கீழ் போக்குவரத்து உதவியும், புற்றுநோய்ச் சிகிச்சையை முழுதாக முடித்ததற்கான ஊக்கத்தொகையும் கோரலாம். அரசாங்க மருத்துவமனையிலேயே படிவம் கிடைக்கும். சிகிச்சை தொடங்கும் முன்பே கேளுங்கள். பாதி வழியில் கேட்டால் தாள் தேடுவதிலேயே நாள் போகும்.

நோய் திரும்பினால்

பழைய ரிப்போர்ட்டை வைத்துப் புதிய மருந்து தொடங்குவதற்கு முன் ‘மறுபடி பயாப்சி எடுக்க முடியுமா?’ என்று கேளுங்கள். ஈஆரும் ஹெர்-2வும் சிலருக்கு மாறிவிடும். ஐந்து வருஷத்துக்கு முந்தின கட்டிக்குப் பொருந்திய மாத்திரை இன்றைய கட்டிக்குப் பொருந்தாமல் போகலாம். எலும்பிலிருந்து எடுப்பதாக இருந்தால் இன்னொரு கேள்வியும் தேவை. எலும்பை மென்மையாக்கக் கடுமையான அமிலத்தில் போட்டால் ஈஆரும் ஹெர்-2வும் அழிந்து, மூன்றும் நெகட்டிவ் என்று தவறாக வரும். ‘எலும்பு இல்லாத மென்திசுத் துண்டைத் தனியாக எடுத்து வையுங்கள், முடியாவிட்டால் இடிடிஏ கரைசலைப் பயன்படுத்துங்கள்’ என்று பயாப்சிக்கு முன்பே டாக்டர் ஆய்வகத்துக்கு எழுதினால் போதும். பயாப்சிக்குப் பிறகு எழுதிப் பயனில்லை.